ஓடாத வண்டிக்கு வயதாகுமா?

தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ஆனால் தண்டவாளம் ஒரே கோடு. ஊரோ அதன் இரு பக்கமும் விரிந்துகொண்டே போகிறது. மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம், மணிமங்கலம். கிழக்கே சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம். கல்லூரிக்கோ, சானடோரியம் பக்கத்துத் தொழிற்சாலைக்கோ நாள்தோறும் போய்வர வேண்டியவர் ஒரு இருசக்கர வண்டிக்கு ஏங்குவதில் வியப்பில்லை. புதிய வண்டியின் விலையைக் கேட்டதும் மனம் பழைய வண்டிப் பக்கம் திரும்பிவிடுகிறது.

அப்போது யாராவது ஒருவர் வந்து சொல்வார்: "எங்கள் தெருவில் ஒரு வண்டி சும்மா நிற்கிறது. பையன் வெளிநாடு போய்விட்டான். அதிகம் ஓடவே இல்லை, புது வண்டி மாதிரிதான்."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாம் சோதிக்கப் போகிறோம். ஓடினால்தான் இயந்திரம் தேயும், ஓடாவிட்டால் தேயாது, ஆகவே ஓடாத வண்டி புது வண்டிக்குச் சமம். கேட்பதற்கு இது சரியான தர்க்கம் போலவே இருக்கிறது. உராய்வு ஒன்றுதான் இயந்திரத்தின் எதிரி என்றால் தர்க்கமும் சரியே. ஆனால் காற்றும் நீரும் வெயிலும் சும்மா நிற்பதில்லையே!

2024 ஜூன் மாதத்தில் என் அண்ணன் மகன் ஒரு வண்டி தேடினான். அவன் அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் முப்பதாயிரம் ரூபாய் கையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது. இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டன. இரண்டும் 2014-இல் வாங்கியவை. இரண்டும் கார்புரேட்டர் வைத்த, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகள். ஒன்று முடிச்சூரில். ஆறு மாதமாக நிற்பதாகச் சொன்னார்கள். கழுவி, மெழுகு பூசி, பளபளவென்று இருந்தது. விலை பத்தொன்பதாயிரம். மற்றது சேலையூரில், மாடிப்படிக்குக் கீழே. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நிறுத்தியவர் பிறகு எடுக்கவே இல்லை. மேலே விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. விலை இருபத்திரண்டாயிரம். பையனின் மனம் எதில் போய் ஒட்டிக்கொண்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துப் பார்ப்பதற்குமுன், நிற்கும் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

தொட்டிக்குள் ஒரு சிறு கணக்கு

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அன்று. எளிதில் ஆவியாகும் இலேசான ஹைட்ரோகார்பன்களும், சூடேற்றினால்தான் ஆவியாகும் கனமானவைகளும் சேர்ந்த கலவை அது. குளிர்ந்திருக்கும் எஞ்சினில் முதல் பொறி பற்றுவதற்கு இலேசானவைதான் வேண்டும். நின்றுவிட்ட வண்டியில் முதலில் பறந்து போகிறவையும் அவையே! எஞ்சியதில் உள்ள சில மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து பிசினாக மாறுகின்றன. நாலு வருடம் நின்ற வண்டியின் தொட்டி மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் மணம் இராது. பழைய வார்னிஷ் டப்பாவின் நெடி அடிக்கும்.

இந்தப் பிசின் கார்புரேட்டரில் படியும்போதுதான் தொல்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் செல்லும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரை விடக் குறைவு. ஒரு தலைமுடியின் தடிப்புக்குப் பிசின் படிந்தாலே போதும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆனாலும் ஆக்சிலேட்டரை விட்டதும் நின்றுவிடும். பயப்பட வேண்டிய குறை இல்லை இது. கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும்.

தண்ணீர் வேறு கதை. தொட்டி மூச்சு விடுகிறது என்றால் நம்புவீர்களா? பகலில் உள்ளே உள்ள காற்று சூடாகி விரிந்து, மூடியிலுள்ள நுண்துளை வழியே வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலுள்ள ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. ஈரம் தகட்டின்மேல் பனியாகப் படிந்து, பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் போய்ச் சேர்கிறது. "பாதித் தொட்டியோடு நிறுத்தினால் தண்ணீர் சேரும்" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு சேரும்? பத்து லிட்டர் தொட்டியில் எட்டு லிட்டர் காற்று என்று கொள்வோம். பகலுக்கும் இரவுக்கும் 12 டிகிரி வேறுபாடு இருந்தால் அந்தக் காற்று நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும். அதாவது மூன்றில் ஒரு லிட்டர் அளவு. 30 டிகிரி வெப்பத்தில், ஈரத்தை முழுதாகத் தாங்கிய ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: ஓர் இரவுக்கு ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு. அத்தனையும் உள்ளேயே தங்கினாலும் வருடத்துக்கு மூன்றரைக் கிராம், ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாது. தொட்டியின் அடி விளிம்பில் துருவைத் தொடங்கி வைக்க இது போதும். தொட்டியையே தின்றுவிடப் போதாது. உண்மையில் பெரிய குற்றவாளி மூடிதான். மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் விழும் மழைநீர் வடிய ஒரு சிறு துளை உண்டு. அது அழுக்கால் அடைபட்டு, ரப்பர் வாஷரும் காய்ந்து வெடித்திருந்தால், வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். ஆகையால் வண்டி எத்தனை நாள் நின்றது என்று கேட்பதைவிட எங்கே நின்றது, கூரைக்குக் கீழா, வேப்ப மரத்துக்குக் கீழா என்று கேட்பதே மேல்.

இப்போது ஒரு புதிய சிக்கலும் சேர்ந்துகொண்டது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022-இல் நூற்றுக்குப் பத்து என்ற அளவையும் 2025-இல் இருபது என்ற அளவையும் எட்டியது. எத்தனால் தண்ணீரோடு உறவாடுகிற திரவம். கொஞ்சம் தண்ணீர் வந்தால் அதைத் தன்னோடு கரைத்துக்கொண்டு எஞ்சினுக்குள் கொண்டுபோய் எரித்துவிடும்; அது நன்மையே. ஆனால் தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் தன் பருமனில் ஏறக்குறைய அரை விழுக்காடு தண்ணீரைத்தான் தாங்கும்; ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர். அதைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். தொட்டியின் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே! எஞ்சினுக்குப் போவது பெட்ரோல் அன்று, இந்த அடுக்கு. உலோகத்தை அரிக்கும் வேலையையும் இதுவே செய்கிறது.

சோதனை எளிது. தொட்டியின் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கால் லிட்டர் பிடியுங்கள். நெருப்பு, சிகரெட், செருப்பில் பொறி எதுவும் பக்கத்தில் கூடாது. பத்து நிமிடம் அசையாமல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். இரண்டு அடுக்குத் தெரிகிறதா? அடியில் செம்மண் போல வண்டல் இருக்கிறதா? இருந்தால் தொட்டியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

உதைக்காதீர்கள்

நின்ற வண்டியைப் பார்த்ததும் கிக்கரை ஓங்கி உதைப்பது நம் மக்களின் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எஞ்சின் ஓடும்போது சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கும். பிஸ்டனின் வளையங்கள் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. நிறுத்தியபின் மாதக்கணக்கில் அந்த எண்ணெய் சொட்டுச் சொட்டாக அடியில் இறங்கிவிடுகிறது. எஞ்சின் நின்றபோது ஒரு வால்வு திறந்திருந்தால் சைலன்சர் வழியாகவோ காற்று வடிகட்டி வழியாகவோ ஈரக்காற்று நேரே சிலிண்டருக்குள் வரும். வளையங்கள் எந்த இடத்தில் நின்றனவோ அந்த இடத்தில் துரு மோதிரம் போல் ஒரு கோடு போடும்.

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மயிரிழை இடைவெளியில் ஓட வேண்டிய வளையத்துக்கு அந்தப் பெருக்கமே பூட்டு. அப்போது ஓங்கி உதைத்தால் துருத்துகள் அரம் போலச் சுவரைக் கீறும். அல்லது வளையம் முறியும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஐந்தாறு மில்லிலிட்டர் எஞ்சின் ஆயிலை விட்டு, ஓர் இரவு பொறுங்கள். மறுநாள் வண்டியை மேல் கியரில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். மேல் கியரில் சக்கரத்தின் பிடி நமக்கு நெம்புகோல் போல உதவும். வழுவழுவென்று சுற்றினால் பாதி வெற்றி. கரகரவென்றால் விலையில் பாதி போயிற்று. சுற்றவே மறுத்தால், விற்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புவதே நல்லது.

இங்கே ஒரு வேடிக்கை. "வாரம் தவறாமல் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன் சார்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். நல்லது செய்வதாகத்தான் அவர்கள் எண்ணம். ஆனால் பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது சூடான ஆவியாக வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சைலன்சர் சூடேறுவதில்லை; ஆவி அங்கேயே குளிர்ந்து நீராகிறது. வளையங்களைத் தாண்டி எண்ணெயிலும் கொஞ்சம் கலக்கிறது. எண்ணெய் நன்றாகச் சூடேறினால்தான் அது ஆவியாகி வெளியேறும். வாரந்தோறும் ஐந்து நிமிடம் என்பது வாரந்தோறும் ஒரு கரண்டி நீரை உள்ளே ஊற்றுவதற்குச் சமம். அப்படிப்பட்ட வண்டியின் சைலன்சரை அடிப்பக்கம் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். உள்ளே துருச்செதில் சலசலக்கும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைத் தேடிப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். யமஹா ஆர்எக்ஸ் 100 (1985 முதல் 1996 வரை தயாரானது), மைசூரில் செய்த யெஸ்டி போன்றவை இன்று இளைஞர்களின் கனவு. பழைய கொட்டகைகளிலிருந்து அவற்றை வெளியே இழுக்கிறார்கள். நாலு-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் உருளைத்தாங்கிகள் எண்ணெயில் நனைந்திருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய்க் குளமே கிடையாது. பெட்ரோலோடு வரும் எண்ணெய்தான் எல்லாம். நின்றுவிட்டால் தாங்கிகள் ஈரத்துக்கு நேராக நிற்கின்றன. மேலும் அதன் கிராங்க் அறையே கலவையை உறிஞ்சித் தள்ளும் பம்பு. அச்சின் இரு முனையிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல் காய்ந்து போனால் அதன் வழியே வெளிக்காற்றும் உள்ளே நுழையும். பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும். அதோடு சேர்ந்து எண்ணெயும் குறைகிறது. வண்டி உற்சாகமாக ஓடுவதுபோல் தோன்றி, நெடுஞ்சாலையில் பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டு சீலையும் மாற்றாமல் அதில் வேகம் போகக்கூடாது. திருவொற்றியூரில் தயாரான புல்லட்டைப் பொறுத்தவரை இந்தக் கவலை இல்லை; அது நாலு-ஸ்ட்ரோக். உதிரிப் பாகங்களும் புதுப்பேட்டையில் தாராளமாகக் கிடைக்கும்.

உயிரைக் காக்கும் பாகங்கள்

எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் வாங்குகிறவர் முகத்தில் மலர்ச்சி வந்துவிடும். பேரம் அங்கேயே முடிந்துவிடும். அது தவறு. எஞ்சின் ஓடாவிட்டால் பணம்தான் போகும். டயரும் பிரேக்கும் அப்படியல்ல.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் வெட்டுகிறது. இதைத் தடுக்க டயரில் ஒருவகை மெழுகைக் கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போதுதான் அந்த மெழுகு மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காப்புப் போர்வையாகிறது. நிற்கும் டயருக்கு அந்தப் போர்வை சரிவரக் கிடைப்பதில்லை. சேலையூர் வண்டியின் டயர்களில் பூ புதிதாக இருந்தது; ஆனால் பக்கச் சுவரை விரலால் அழுத்தியதும் வறண்ட ஏரியின் களிமண் போல வெடிப்புகள் வாய் திறந்தன. இரண்டையும் மாற்றத்தான் வேண்டும்.

டிஸ்க் பிரேக் எண்ணெய் எத்தனால் போலவே ஈரத்தை உறிஞ்சுகிற திரவம். டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டாலோ, 155 டிகிரி வரை தாங்கினால் போதும் என்று அதே விதி தளர்த்திக்கொள்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பேருந்துகளுக்கு நடுவே மறுபடி மறுபடி பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கின் பக்கம் எவ்வளவு சூடேறும் என்பதைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். இன்னொரு முறை தொடமாட்டார்கள். எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். பிரேக் பிடி கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டியோ நிற்காது! எண்ணெய் தேநீர் நிறத்தில் இருந்தால் பழையது. மாற்றும் செலவு சொற்பம். மாற்றாமல் ஓட்டிப் பார்க்கவே கூடாது. டிரம் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பிரேக் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் நகத்தால் மேலும் கீழும் வருடிப் பாருங்கள். குரோமியப் பூச்சில் துருப்பள்ளம் இருந்தால் நகம் தடுக்கும். அந்தப் பள்ளம் ஆயில் சீலைக் கிழிக்கும்.

பேட்டரியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டாம். காரீய அமிலப் பேட்டரி சும்மா இருந்தாலும் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு மின்னேற்றத்தை இழக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இழப்பு ஏறக்குறைய இரு மடங்கு. காலியானபின் தகடுகளில் காரீய சல்பேட் கெட்டியான படிகமாகி, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. இரண்டு வருடம் தொடாமல் நின்ற வண்டியென்றால் புதிய பேட்டரிக்கான பணத்தை முதலிலேயே கணக்கில் கழித்துவிடுங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் செய்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோலைப் பீய்ச்சுவதே மின்கருவி என்பதால், செத்த பேட்டரியோடு அவை அசைவது கடினம். எலி கடித்த வயரும் அவற்றில்தான் அதிகச் செலவு வைக்கும்.

தண்ணீர் எதுவரை வந்தது?

தென்சென்னைப் புறநகரில் பழைய வண்டி வாங்குகிறவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளில் பிறக்கும் அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம், திருநீர்மலை, அனகாபுத்தூர் ஓரமாகவே ஓடுகிறது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரில் வீடுகளின் கீழ்த்தளம் முழுகியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே பகுதிகளில் தண்ணீர் நின்றது. அப்படி முழுகிய வண்டிகள் எங்கே போயின? பல, கழுவித் துடைத்துக் கைமாறின.

முடிச்சூர் வண்டிக்காரரிடம் நான் இந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "முழங்கால் அளவுதான் சார் வந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகலை" என்றார்.

முழங்கால் என்றால் 45 முதல் 50 சென்டிமீட்டர். மோட்டார் சைக்கிள் சக்கரத்தின் குறுக்களவு டயரோடு சேர்த்துச் சுமார் 60 சென்டிமீட்டர்; எனவே அச்சு 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் இரு சக்கரத்தின் பேரிங்குகள், சங்கிலி, பிரேக், சைலன்சரின் வாய், எஞ்சினின் கீழ்ப்பாதி எல்லாம் முழங்கால் நீருக்குள்தானே! சைலன்சர் வழியே ஏறும் தண்ணீர், திறந்த வால்வு வழியே சிலிண்டருக்குள் போவதற்கும் தடையில்லை.

ஆயில் அளவுகோலைக் கழற்றச் சொன்னேன். எண்ணெய் சுத்தமாக, பொன்னிறமாக இருந்தது. நேற்றுத்தான் மாற்றியிருக்கிறார். ஆனால் அடைப்பானின் உள்பக்கத்தில் வெண்மையாக, பால் விட்ட காப்பியின் நுரை போல ஒன்று ஒட்டியிருந்தது. எண்ணெயோடு தண்ணீர் கடைந்தால் வரும் குழம்பு அது. எஞ்சினைத் தொட்டேன், இளஞ்சூடு. ஆறு மாதம் நின்ற வண்டி ஏன் சூடாக இருக்கிறது? நாங்கள் வருமுன்னரே ஸ்டார்ட் செய்து பழக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதைத்தான் வாங்குகிறவர் பார்க்க வேண்டும்.

பிறகு முகவிளக்கின் இரண்டு திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை முன்னால் சாய்த்தோம். உள்ளே, வயர்கள் சேரும் கிண்ணத்தின் அடியில், விரல் நகத்தளவு தடிப்புக்கு மெல்லிய சாம்பல் நிற வண்டல். முகவிளக்கு இருப்பது இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே. வயர் இணைப்புகளின் ரப்பர் உறைக்குள் செம்பு பச்சை பூத்திருந்தது.

"முழங்கால் எங்கே இருக்கிறது சித்தப்பா, இங்கேயா?" என்று பையன் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினான். வெளியே வரும்வரை நான் சிரிக்கவில்லை.

சேலையூர் வண்டியின் முகவிளக்கினுள் சிலந்தி வலையும் வறண்ட தூசியும் இருந்தன. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. தூசி ஒரு நல்ல சாட்சி. தண்ணீர் வந்த இடத்தில் அது அப்படியே இருக்காது. மீட்டர் 14,000 கிலோமீட்டர் காட்டியது. மீட்டரை நம்பாமல் கால்மிதி ரப்பரையும் பிரேக் மிதியின் வரிகளையும் பார்த்தோம். அவையும் அதிகம் தேயவில்லை. பிளக் துளையில் எண்ணெய் விட்டுவிட்டு வந்து, மறுநாள் போய்ச் சக்கரத்தைச் சுற்றினோம். சுற்றியது.

டயர் இரண்டு, பேட்டரி, பிரேக் எண்ணெய், சங்கிலி, ஃபோர்க் சீல், எஞ்சின் ஆயில், கார்புரேட்டர் சுத்தம் என்று கேம்ப் ரோட்டு மெக்கானிக் ஒருவர் காகிதத்தில் எழுதிக் கூட்டினார்: பதினோராயிரத்து சொச்சம். அந்தக் காகிதத்தை உரிமையாளரிடம் காட்டிப் பதினாறாயிரத்துக்கு முடித்தோம். அவர் நியாயமான மனிதர். காகிதத்தில் இருந்தது கற்பனை அல்ல என்பதை அவரே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

காகிதம் என்றதும் மற்றக் காகிதங்கள் நினைவுக்கு வருகின்றன. வண்டி நின்றபோது அவையும் நின்றிருக்கும். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவையோடு ஒத்துப்போக வேண்டும். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும்; பிறகு சோதனைக்குக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். 2014-ஆம் ஆண்டு வண்டிக்கு 2029 வரை கவலையில்லை. கடன் போட்டு வாங்கியிருந்தால், அடைத்ததற்குப் படிவம் 35 தேவை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுகள் படிவம் 31 தர வேண்டும். நின்ற வண்டிகளில் இந்தக் கடைசிச் சிக்கல் அடிக்கடி வரும். டி.என். 11 என்று தொடங்கினால் தாம்பரம் அலுவலகத்து வண்டி, டி.என். 22 மீனம்பாக்கம். இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால் வீடு வரை கூட ஓட்டிவரக் கூடாது. மோதினால் நஷ்டஈடு உங்கள் தலையில். நாங்கள் ஒரு குட்டி யானையில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. எங்கள் கணக்கில் விட்டுப்போன ஒன்று இருந்தது. தொட்டியைக் கழற்றித் துருவைச் சுரண்டிக் கழுவியதும், அடி விளிம்பில் ஊசிமுனை அளவு துளை ஒன்று தெரிந்தது. அதுவரை துருவே அடைப்பானாக நின்று பெட்ரோலைக் காத்திருக்கிறது! பற்றவைக்கக் கொண்டுபோன இடத்தில் பையன், "காலித் தொட்டிதானே, பயமில்லை" என்றான். உண்மை நேர்மாறானது. பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரை முதல் ஏழரைப் பங்கு வரை இருக்கும்போதுதான் வெடிக்கும். நிறைந்த தொட்டியில் ஆவி அதைவிட அதிகம், காற்று குறைவு. கழுவிய காலித் தொட்டியின் இடுக்குகளில் எஞ்சிய ஈரம்தான் வெடிக்கும் கலவையைச் சரியாகத் தயாரித்து வைக்கும். அந்தத் தொழிலாளி பள்ளியில் வேதியியல் படித்தவர் அல்லர். ஆனால் சோப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசினார். தொட்டியில் கழுத்து வரை தண்ணீரை நிரப்பினார். துளை மேலே வரும்படி சாய்த்து, அந்த இடத்தில் மட்டும் சிறிது காற்று நிற்கும்படி செய்தார். சுடரைப் பக்கத்தில் கொண்டுவராமல், வேறிடத்தில் காய்ச்சிய செப்புக் கோலால் ஈயம் வைத்து அடைத்தார்.

முந்நூற்றைம்பது ரூபாய் கேட்டார். கொடுத்தோம். முதல் 200 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆயிலை மறுபடி மாற்றச் சொல்லியிருக்கிறேன். உள்ளே கழன்று வரும் துருவும் அழுக்கும் அதோடு வெளியேறிவிடும்.